எக்ஸ்ரே, தடுப்பூசி, காப்பீடு: வெளிநாடு படிக்கப் போகும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

பாரதி மகளிர் கல்லூரியிலோ சர் தியாகராயா கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலோ பட்டம் முடித்துவிட்டு, முதுகலைக்கு வெளிநாட்டில் இடம் தேடும் பிள்ளைகள் இன்று வடசென்னையில் அபூர்வம் அல்லர். துறைமுகம், ஐ.சி.எஃப்., மணலித் தொழிற்சாலைகள், காசிமேட்டுப் படகுகள் என்று உழைத்த வீடுகளின் முதல் அல்லது இரண்டாம் பட்டதாரிகள் இவர்கள். இடம் கிடைத்ததும் வீட்டில் கணக்குப் போடுவார்கள்: கல்விக்கட்டணம், வங்கிக் கடனின் வட்டி, கணக்கில் காட்ட வேண்டிய தொகை, விமான டிக்கெட். பட்டியலின் அடியில் 'மெடிக்கல்' என்று ஒரு வரி இருக்கும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனிக் கோரிக்கைகள் இருக்கின்றன. தொற்றுநோய் உள்ளே வரக்கூடாது என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறை கேட்பது மருத்துவப் பரிசோதனை. விடுதியிலும் வகுப்பிலும் அம்மை பரவக்கூடாது என்று பல்கலைக்கழகம் கேட்பது தடுப்பூசிச் சான்று. நோய் வந்தால் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை காப்பீடு. அதை ஒரு நாட்டில் அரசு கேட்கும், இன்னொரு நாட்டில் பல்கலைக்கழகம் கேட்கும். ஒன்றுக்கான தாள் இன்னொன்றுக்குச் செல்லாது. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் செப்டம்பரில் சேர வேண்டிய பிள்ளை ஜனவரிக்குத் தள்ளிப்போகிறது.

முதலில் எக்ஸ்ரே. பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப்போகும் இந்திய மாணவர் ஒவ்வொருவரும் காசநோய் இல்லை என்ற சான்றிதழோடுதான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். முன்பெல்லாம் ஹீத்ரோ, கேட்விக் விமான நிலையங்களில் வந்து இறங்கியவர்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். 2012-இல் அந்த முறையை மாற்றுவதாக அறிவித்து, புறப்படும் நாட்டிலேயே பரிசோதிக்கும் ஏற்பாட்டைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பிரிட்டன் அரசு அங்கீகரித்த மருத்துவ மையங்களில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அங்கே பார்த்த மருத்துவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், விசாவுக்கு அது உதவாது. சென்னையில் எந்த மையங்களுக்கு அங்கீகாரம் உண்டு என்பது அந்நாட்டு அரசின் இணையதளத்தில் இருக்கிறது. ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுப் போகாமல் அந்தப் பட்டியலை நாமே பார்த்துவிட வேண்டும். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் இன்னும் விரிவாகப் பார்க்கின்றன. அந்நாடுகள் நியமித்த மருத்துவர் உடல் முழுவதையும் பரிசோதித்து, மார்பு எக்ஸ்ரேயும் எடுத்து, முடிவை இணையவழியாக நேரே குடிவரவுத் துறைக்கு அனுப்பிவிடுவார். கனடாவுக்கு இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நர்சிங், மருத்துவம் போன்ற படிப்புகளுக்குப் போகிறவர்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகளும் சேரும். இவ்விரு நாடுகளிலும் முடிவு பொதுவாகப் பன்னிரண்டு மாதம் செல்லும். எனவே இடம் உறுதியானதுமே பரிசோதனையை முடித்துவிடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. ஜெர்மனி மாணவர் விசாவுக்கு இத்தகைய பரிசோதனையைக் கேட்பதில்லை. அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவுக்கும் பொதுவாக மருத்துவப் பரிசோதனை இல்லை. அங்கே சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எக்ஸ்ரேயில் சந்தேகமான நிழல் தெரிந்தால் என்ன ஆகும்? வடசென்னை வீடுகளில் இந்தக் கேள்வியைத்தான் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறார்கள். அதனால்தான் இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நெருக்கமான வீடுகளும் காற்றோட்டமில்லாத அறைகளும் சத்துக்குறைவும் எங்கே சேர்கின்றனவோ அங்கே அது எளிதாகப் பரவும். பத்தாம் வகுப்பில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமான பையன், வீட்டில் தாத்தாவுக்கு இருமல் இருந்தபோது கூடவே படுத்திருந்த பெண் — இப்படிப்பட்டவர்கள் நம் தெருக்களில் நிறைய. நோய் குணமானாலும் நுரையீரலில் வடு தங்கிவிடுவது உண்டு. எக்ஸ்ரே அந்த வடுவைக் காட்டும். அது பழைய வடுவா, உயிரோடிருக்கும் நோயா என்று ஒரு படத்தை மட்டும் பார்த்து மருத்துவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார். அடுத்தடுத்த மூன்று நாள் காலையில் சளி எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இந்தக் கிருமி மிக மெதுவாக வளர்வது என்பதால் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும்.

இந்த எட்டு வாரம் நிராகரிப்பு ஆகாது. கிருமி இல்லை என்று முடிவு வந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும். நோய் இருப்பது உறுதியானாலும் கதவு மூடப்படுவதில்லை. சிகிச்சையை முடித்து, மறுபடி பரிசோதித்து, விண்ணப்பிக்கலாம். படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் ஜூலை இறுதியில் எக்ஸ்ரே எடுத்தவருக்கு இந்த எட்டு வாரம் செப்டம்பர் சேர்க்கையையே விழுங்கிவிடும். மே மாதத்தில் எடுத்தவருக்கு அது வெறும் காத்திருப்பு.

பழைய நோயை மறைத்துவிடலாம் என்ற எண்ணம்தான் உண்மையில் ஆபத்தானது. 'முன்பு காசநோய் இருந்ததா?' என்று படிவத்தில் கேட்பார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டு எக்ஸ்ரேயில் வடு தெரிந்தால், மருத்துவக் கேள்வியாக இருந்தது நேர்மைக் கேள்வியாக மாறிவிடும். பொய்த் தகவலோ போலிச் சான்றிதழோ கண்டுபிடிக்கப்பட்டால் பிரிட்டன் பத்து ஆண்டுகளும், கனடா ஐந்து ஆண்டுகளும், ஆஸ்திரேலியா மூன்று ஆண்டுகளும் கதவை அடைக்க முடியும். நோய் ஒரு பருவத்தைத்தான் தள்ளிவைக்கும்; பொய் இளமையின் பாதியைத் தின்றுவிடும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள், மருந்தை முழுமையாக முடித்ததற்கான அட்டையையும் பழைய எக்ஸ்ரேக்களையும் தேடி எடுத்துக்கொண்டு போனால், பரிசோதிக்கும் மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் கிடைக்கும். பழைய படத்திலும் புதிய படத்திலும் வடு மாறாமல் இருந்தால் அதுவே நல்ல சாட்சி.

இந்த நோயைப் பற்றிய வெட்கம் சென்னைக்காரர்களுக்குச் சற்றும் பொருந்தாது. காசநோயாளிகளை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் அடைத்துவைக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவுக்குக் குணமாகிறது என்றும், கூட வசிப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் நிறுவியது. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. ஆய்வில் பங்கெடுத்தவர்கள் இந்த நகரத்தின் நெரிசலான ஏழை வீடுகளைச் சேர்ந்தவர்கள். இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்.

'பிறந்ததுமே காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்றே, பிறகு எதற்கு எக்ஸ்ரே?' என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான பதிலும் நமக்கு அருகிலேயே கிடைத்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், 1968-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்த மாபெரும் பிசிஜி ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறது. அதனால் இன்றும் போடுகிறோம். ஆனால் தோளில் உள்ள தழும்பைக் காட்டி எக்ஸ்ரேயிலிருந்து விலக்குக் கேட்க முடியாது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தழும்பு வேறொரு விதத்தில் குறுக்கே வரும். காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களை அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் தாங்களே பரிசோதிக்கின்றன. தோலில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் பழைய முறையில், பிசிஜி போட்டவர்களுக்கு நோய்த்தொற்று இல்லாமலே வீக்கம் வரலாம். இரத்தத்தில் செய்யும் இக்ரா பரிசோதனைக்கு அந்தக் குறை கிடையாது. தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தால் இரத்தப் பரிசோதனையையே கேட்க வேண்டும். அதிலும் 'பாசிட்டிவ்' என்று வந்தால், உடலில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நோய் வந்துவிட்டது என்று பொருள் அல்ல. எக்ஸ்ரே சரியாக இருந்தால், சில மாதங்கள் தடுப்பு மருந்து சாப்பிடும்படி மருத்துவர் சொல்லக்கூடும். படிப்பு நிற்காது.

தடுப்பூசிக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை கேட்கின்றன: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து. இன்று இருபது வயதை ஒட்டி இருக்கும் நம் பிள்ளைகளுக்கு 2017 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் பள்ளிகளில் ஊசி போட்டது நினைவிருக்கும். அது எம்.ஆர். ஊசி. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமானது, பொன்னுக்கு வீங்கிக்கு எதிரான மருந்து அதில் இல்லை. அரசு அட்டவணைப்படி எல்லா ஊசியும் தவறாமல் போட்ட பிள்ளைகூட இந்த இடத்தில் மாட்டிக்கொள்வதன் காரணம் இதுதான். தனியார் மருத்துவரிடம் எம்.எம்.ஆர். இரண்டு தவணை போடலாம். இடையில் குறைந்தது 28 நாள் வேண்டும். இந்த ஊசிக்குப் பிறகு நான்கு வாரத்துக்குக் காசநோய்ப் பரிசோதனையின் முடிவு தவறாகலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையை ஊசி போடும் அதே நாளில் அல்லது அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தெரியாமல் வரிசையை மாற்றினால் ஒரு மாதம் வீணாகும்.

சின்னம்மை இன்னொரு சிக்கல். நம் வீடுகளில் அம்மை வார்த்தால் மருத்துவரிடம் போவதில்லை. வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்போம். அதனால் நோய் வந்து போனதற்கு ஒரு தாளும் இருக்காது. நோய் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துச் சான்று வாங்கிவிடலாம்; இருந்தால் ஊசி தேவைப்படாது. டெக்சாஸ் மாநிலத்தில் 22 வயதுக்குக் குறைவான புதிய மாணவர்கள், வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாளாவது முன்னதாக மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். நியூயார்க்கில் எம்.எம்.ஆர். விஷயத்தில் சட்டம் உண்டு. விசா கையில் வந்த பிறகும், இந்தச் சான்றுகள் இல்லையென்றால் பாடங்களுக்குப் பதிவு செய்ய விடாமல் பல்கலைக்கழகம் நிறுத்திவைக்கும்.

இனிப் பணம். வடசென்னையில் காப்பீடு என்றால் இரண்டு அட்டைகளைத்தான் பெரும்பாலும் தெரியும்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, தொழிலாளர் வீடுகளில் இ.எஸ்.ஐ. அட்டை. இரண்டும் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெறும் ஏற்பாடுகள். முதலில் நாம் இவ்வளவு கட்ட வேண்டும், அதற்கு மேல்தான் அவர்கள் தருவார்கள் என்ற முறை அவற்றில் இல்லை. வெளிநாட்டுக் காப்பீட்டின் விதிகள் அப்படிப்பட்டவை அல்ல. வங்கிக் கடனோடு சேர்த்து எடுக்கச் சொல்லும் காப்பீட்டை மருத்துவக் காப்பீடு என்று நம்பிவிடுகிறவர்களும் உண்டு. மாணவர் இறந்துபோனால் கடனை அடைப்பதற்கானது அது. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரைகூட அதிலிருந்து வராது.

பிரிட்டன் காப்பீடு கேட்பதில்லை. சுகாதாரக் கூடுதல் கட்டணம் கேட்கிறது. 2015-இல் மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு என்று தொடங்கிய இது, 300, 470 என்று ஏறி, 2024 பிப்ரவரி 6 முதல் 776 பவுண்டாக இருக்கிறது. ஒரே வருடப் படிப்புதானே என்று 776-ஐ மட்டும் எடுத்துவைக்கும் குடும்பங்கள் பணம் கட்டும்போது திகைத்துப்போகின்றன. ஓராண்டு முதுகலைக்குப் பிறகு நான்கு மாதமும், தொடங்குமுன் சில வாரங்களும் சேர்த்துத்தான் விசா தருவார்கள். மிஞ்சும் காலம் ஆறு மாதத்துக்குள் இருந்தால் அரை ஆண்டுக் கட்டணம் கூடும். ஆக மொத்தம் 1,164 பவுண்டு. நம் பணத்தில் 1.2 லட்சம் ரூபாய்க்கு மேல். மூன்றாண்டு இளங்கலைக்கு இதே கணக்கில் 2,716 பவுண்டு. முழுத் தொகையையும் விண்ணப்பிக்கும்போதே ஒரே தவணையில் கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தருவார்கள். இந்தக் கட்டணத்துக்குப் பிறகு மருத்துவரைப் பார்க்கவும் மருத்துவமனையில் சேரவும் தனியாகப் பணம் கேட்கமாட்டார்கள். பல்லுக்கும் கண்ணாடிக்கும், இங்கிலாந்தில் என்றால் மருந்துச் சீட்டுக்கும், தனிச் செலவு உண்டு. பல் வலியை இங்கேயே சரிசெய்துகொண்டு கிளம்புவது நல்லது.

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீடு விசாவின் நிபந்தனை. படிப்புக் காலத்துக்கு மட்டும் போதாது, விசா செல்லும் கடைசி நாள்வரை இருக்க வேண்டும். பணம் கட்டுவது பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக நடக்கிறது. ஆனால் அரசு அங்கீகரித்த சில நிறுவனங்களில் எதை வேண்டுமானாலும் மாணவரே தேர்ந்தெடுத்து நேரடியாக வாங்கலாம், விலையை ஒப்பிடலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு உண்டு, மனநலச் சிகிச்சைக்கு இரண்டு மாதம்.

கனடாவில் விடை மாகாணத்தைப் பொறுத்தது. அல்பர்ட்டாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் வெளிநாட்டு மாணவர்களை மாகாண மருத்துவத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன. நம் பிள்ளைகள் அதிகம் போகும் ஒன்டாரியோ சேர்ப்பதில்லை. அங்கே கல்வி நிறுவனத்தின் திட்டத்தில் சேர வேண்டும். மானிடோபா தன் திட்டத்தில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதை 2018-இல் நிறுத்திவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாதம் 75 கனடிய டாலர் கட்டணமும், முதலில் மூன்று மாதம் வரை காத்திருப்பும் உண்டு. அந்த இடைவெளிக்கு ஒரு பயணக் காப்பீடு கையில் இருக்க வேண்டும்.

ஜெர்மனி பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். முப்பது வயதுக்குள் சேரும் மாணவர் அரசுசார் காப்பீட்டில் மாதம் சுமார் 150 யூரோவுக்குச் சேரலாம். விலை குறைவு என்று தனியார் காப்பீட்டைத் தேர்ந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை அரசுசார் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. சில ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் சேர்த்துவிட்டு முப்பதை நெருங்கும்போது கிளம்புகிறவர்கள் இந்த வயது வரம்பைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் பரிமாற்றத் திட்டங்களில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு மத்திய அரசே காப்பீட்டின் அளவு வகுத்திருக்கிறது: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், நோயாளியைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவர 50,000 டாலர், இறந்தவரின் உடலை ஊர் கொண்டுவர 25,000 டாலர். எஃப்-1 மாணவருக்கு மத்திய அரசின் கட்டாயம் இல்லை, பல்கலைக்கழகம்தான் கட்டாயப்படுத்தும். அதன் சொந்தத் திட்டம் ஆண்டுக்கு 2,000 டாலரிலிருந்து 4,000 டாலரும் அதற்கு மேலும்கூட ஆகலாம். இந்தியாவில் வாங்கும் மாணவர் பாலிசி இதைவிட மிக மலிவு. ஆனால் அதைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். மலிவான பாலிசி ஏற்கெனவே உள்ள நோயை விலக்கியிருக்கிறதா, மனநலச் சிகிச்சை உண்டா, நாம் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, உடலை ஊர் கொண்டுவரும் செலவு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆனால் வெளிநாட்டில் விபத்தில் இறந்த மாணவரின் உடலுக்காக நண்பர்கள் இணையத்தில் பணம் திரட்டும் செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதைக் கேட்டுவைப்பதில் தவறில்லை.

பெயரில் வரும் குளறுபடியையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக இருக்கும், தடுப்பூசி அட்டையில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆய்வக அறிக்கையில் எழுத்து வேறாக இருக்கும். இரத்தம் எடுக்கும் மேசையிலேயே பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அதில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் எண்ணும் எழுதச் சொல்ல வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் அசல் பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

இவையெல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். தெரியாத வீடுகளுக்குக் கமிஷனுக்கு வேலை செய்யும் ஆலோசகர்தான் ஒரே வழிகாட்டி. அது நியாயமில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாநகராட்சி மருத்துவமனைகளிலும் இருக்கும் தடுப்பூசிப் பதிவுகளை, முத்திரையும் கையொப்பமும் இட்டு ஆங்கிலத்தில் ஒரே தாளில் தருவதற்குப் பெரிய செலவு ஆகாது. காசநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்கும் அப்படியே ஒரு சான்று தரலாம். வடசென்னையின் அரசுக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் இறுதியாண்டு மாணவர்களுக்காக ஜனவரி மாதத்திலேயே ஒரு நாள் ஒதுக்கி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்து, யாருக்கு எந்த ஊசி குறைகிறது, யார் எக்ஸ்ரேயை முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், செப்டம்பருக்கு இன்னும் எட்டு மாதம் கையில் இருக்கும்.